அங்கோர் வாட்: வலமா, இடமா?

தாழம்பூ · 2024 நவம்பர் 6, இரவு 9:12

டிசம்பர் 14, 15, 16 மூணு நாள் கம்போடியாவுல சியம் ரீப் போறோம். நான், வீட்டுக்காரர், அம்மா (66), பையன் (8). டிராவல்ஸ்காரர் போட்ட திட்டம்: 15ஆம் தேதி விடியக்காலை 4:30க்குக் கிளம்பி அங்கோர் வாட்ல சூரியோதயம், உடனே உச்சித் தளம் ஏறணும், அப்புறம் கீழ இறங்கி வலதுகைப் பக்கம் திரும்பிச் சிற்பம் பார்த்துக்கிட்டே ஒரு சுற்று. அப்படிப் போனா கோயில் நமக்கு இடதுகைப் பக்கம் வருது. அம்மா ஒரே பிடியா நிக்கறாங்க: "பெருமாளுக்குக் கட்டின கோயில்ல இடமாச் சுத்த மாட்டேன்." திருப்பி வலமாச் சுத்தினா எதுவும் கெட்டுப்போகுமா?

செம்பாறை · நவம்பர் 6, இரவு 10:40

கெட்டுப்போகாது, கதை தலைகீழா வரும்.

நீங்க சொல்றது மூணாம் சுற்று மண்டபம். கிழக்கு மேற்கா 215 மீட்டர், தெற்கு வடக்கா 187. உள்சுவர் முழுக்க ஆள் உயரத்துக்கு மேல புடைப்புச் சிற்பம். மேற்கு வாசல்ல நுழைஞ்சு வலதுகைப் பக்கம் திரும்பினா வரிசை இது:

மேற்கின் தென்பாதி குருக்ஷேத்திரம். தெற்கின் மேற்குப்பாதி, கோயிலைக் கட்டின இரண்டாம் சூரியவர்மனோட படை ஊர்வலம். தெற்கின் கிழக்குப்பாதி யமன் தீர்ப்பு, 37 சொர்க்கம், 32 நரகம். கிழக்கின் தென்பாதி பாற்கடல் கடைதல், 49 மீட்டர். இதுக்கு அப்புறம் கிழக்கின் வடபாதியும் வடக்கின் கிழக்குப்பாதியும் 1546-லிருந்து 1564 வரை, அதாவது 400 வருஷம் கழிச்சுச் செதுக்கினது. விஷ்ணு அசுரரை வெல்றது, கிருஷ்ணன் பாணாசுரனை வெல்றது. உளி ஆழமா இறங்கலை, முகமெல்லாம் ஒரே அச்சு. வடக்கின் மேற்குப்பாதி தேவாசுர யுத்தம். கடைசியா மேற்கின் வடபாதி, லங்கை யுத்தம்.

வலமாப் போனா லங்கை யுத்தத்துல ஆரம்பிச்சு, தேவாசுர யுத்தம் தாண்டி, அந்தப் பிற்கால வேலையில அரை மணி போய், பாற்கடலுக்கு வரும்போது பையன் "ஐஸ்கிரீம்"ம்பான்.

ஊர்வலத்தையே எடுத்துக்கோங்க. படை மேற்கிலிருந்து கிழக்கே நடக்குது. இடமாப் போனா நாமளும் அவங்களோட நடக்கறோம். யானைமேல மந்திரிகள், தளபதிகள், ஆளுக்கு ஒரு பெயர் சுவத்துல வெட்டியிருக்கு. குடையை எண்ணிக்கிட்டே வந்தா 15 குடை இருக்கிற ஆள் ராஜா. வலமா வந்தா எதிர்த்திசையில போற கூட்டத்துக்குள்ள முட்டிக்கிட்டு வர்ற மாதிரி இருக்கும்.

செதுக்கினவங்களே இடமாத்தான் நினைச்சிருக்காங்க. நம்ம ஊர்ல இடச்சுற்று எதுக்குன்னு அம்மாவுக்குத் தெரியும், பித்ரு காரியத்துக்கு. கோயிலும் மேற்கே பார்த்திருக்கு. ராஜாவுக்கு இறந்தபின் பெயர் பரமவிஷ்ணுலோகன். இதையெல்லாம் சேர்த்துத்தான் இதை அவனோட நினைவுக் கோயில்னு பல பிரெஞ்சு அறிஞர்கள் வாதாடினாங்க. விஷ்ணு கோயில், மேற்கு விஷ்ணுவுக்கு உரிய திசை, அவ்வளவுதான்னு எதிர்வாதமும் இருக்கு.

நிதானமா ஒரு சுற்று ரெண்டு மணி நேரம். மத்தியானம் மூணு மணிக்கு நுழைங்க, மேற்கு வெயில் நேரா விழும்.

செம்பாறை · நவம்பர் 7, காலை 6:25

ராத்திரி தேதியைக் கவனிக்கலை. டிசம்பர் 15 பௌர்ணமி!

உச்சித் தளத்துக்கு அங்க பேர் பக்கான். பௌத்தப் புனித நாள்ல அது மூடியிருக்கும், மாசத்துக்கு நாலு நாள். வளர்பிறை எட்டு, பௌர்ணமி, தேய்பிறை எட்டு, அமாவாசை. சமையலறையில தொங்குற தினசரிக் காலண்டர் போதும், அஷ்டமி, பௌர்ணமி, அமாவாசை மூணையும் பார்த்தா ஒருநாள் முன்பின்னா அகப்பட்டுடும். டிராவல்ஸ்காரர் போட்ட நாள்ல போனா படிக்கட்டுக்குக் கீழ கயிறு கட்டியிருக்கும். 14ஆம் தேதியும் ஒட்டினாப்பல வருது, அதனால அங்கோர் வாட்டை 16க்குத் தள்ளுங்க. 15 பந்தேய் ஸ்ரீங்கற சின்னக் கோயிலுக்கு.

இன்னொண்ணு. பக்கானுக்கு 12 வயசுக்கு உட்பட்ட குழந்தைங்களை விடறதில்லை. கர்ப்பிணிகளையும். உங்க மூணு பேர்ல ஒருத்தர் கீழ பையனோட நிக்கணும், மாத்தி மாத்தி ஏறணும். ஒரு நேரத்துல நூறு பேர்தான் மேல, அதனால வரிசை ஒரு மணி நேரம்கூட ஆகும். காலை 6:40க்குத் திறக்கும். சூரியோதயக் கூட்டம் முக்கால்வாசி நேரா டிபனுக்கு ஓடும், அந்த இடைவெளியில ஏறிடணும். தோளும் முழங்காலும் மூடின துணி. ஸ்லீவ்லெஸ் மேல துப்பட்டா போர்த்திக்கறதை மேல ஒத்துக்கமாட்டாங்க, கை வெச்ச சட்டைதான்.

சுக்குக்காப்பி · நவம்பர் 7, காலை 8:03

எல்லாம் சரி, சூரியவர்மன் நம்ம சோழ வம்சம்னு ஒருத்தரும் சொல்லலையே? எங்க குடும்ப வாட்ஸாப் குழுவுல வாரா வாரம் வருது, "தமிழன் கட்டிய உலகின் மிகப் பெரிய கோயில்"னு.

செம்பாறை · நவம்பர் 7, மதியம் 1:15

கெமர் (கம்போடியா) ராஜா. 1113 வாக்கில் பட்டமேறினவன். அந்த ஊர்க் கல்வெட்டெல்லாம் சமஸ்கிருதமும் கெமரும், தமிழ் இல்லை. பேர்ல "வர்மன்" இருக்குன்னா பல்லவன், கடம்பன், சம்பா நாட்டு ராஜா எல்லாருமே ஒரே வீட்டுப் பிள்ளைங்களா?

உண்மையான தொடர்பு வேற மாதிரி, சின்னச் சின்னதா இருக்கு. கெமர் எழுத்து பல்லவ கிரந்த வழி வந்தது. சிதம்பரத்துல முதல் குலோத்துங்கன் காலத்து 1114ஆம் வருஷக் கல்வெட்டு, காம்போஜ (கெமர் நாட்டு) ராஜா அதிசயமாக் காட்டின ஒரு கல்லைக் கோயில்ல வெச்ச கதையைச் சொல்லுது. சூரியவர்மன் பட்டத்துக்கு வந்த அடுத்த வருஷம்! கல்லு கொடுத்த உறவுதான், கோயில் கட்டிக் கொடுத்த உறவு இல்லை. குழுவுல இதைப் போடுங்க, ஒருத்தரும் ஃபார்வர்டு பண்ணமாட்டாங்க.

உளி · நவம்பர் 7, இரவு 7:50

கல்லு பத்தி ஒண்ணு சேர்க்கிறேன், ஏன்னா நம்ம ஊர்க் கோயில் பார்த்த கண்ணோட போனா அங்க குழப்பம் வரும்.

நம்மது கருங்கல். அது மணற்கல், குலேன் மலை அடிவாரத்துல வெட்டி வாய்க்கால் வழியாக் கொண்டுவந்தது. உள்ளே திணிப்புக்குச் செம்பாறை (பேர் வெச்சிருக்கிற நண்பருக்குத் தெரியும்). சுண்ணாம்புச் சாந்து கிடையாது. கல்லோட கல்லை உரசி உரசியே இழைச்சிருக்காங்க, சில மூட்டுல பிளேடு நுழையாது. சுவத்துல வரிசையா விரல் பருமன் குழி தெரியும், மூணு சென்டிமீட்டர் ஆழம் இருக்கலாம். தூக்கறதுக்கு மர ஆப்பு அடிச்ச குழி. கைடுகள்ல சிலர் எல்லாத்தையும் குண்டு துளைச்சதுன்னு கதை விடுவாங்க. நிஜமான குண்டு அடையாளமும் அங்க உண்டுதான், ஆனா அது சில்லு சிதறி ஒழுங்கில்லாம இருக்கும். ஒரே அளவுல, ஒரே இடைவெளியில இருந்தா ஆப்புக்குழி.

தூணைப் பாருங்க, அடியில ஒரு முழம் வரைக்கும் பொறுக்கு விட்டிருக்கும். மணற்கல் படுகை படுகையாப் படிஞ்ச கல், படுகை படுத்திருக்கணும். தூணுக்கு நீளக்கல் வேணும்னு அதைச் செங்குத்தா நிறுத்திட்டாங்க. தரையீரம் மேல ஏறுது, வௌவால் எச்சத்துல உள்ள உப்பும் சேர்ந்து ஏறுது. ஈரம் காயும்போது உப்பு பூத்துப் படுகை படுகையாப் பிரிக்குது. கை வெச்சுச் சாயாதீங்க, அப்படியே கையோட வரும்.

மண்டபம் ஏன் இவ்வளவு ஒடுக்கம்னு அம்மா கேட்பாங்க. வளைவு கட்டலை. ரெண்டு பக்கத்துலயும் கல்லை உள்பக்கமா நீட்டி நீட்டி அடுக்கி உச்சியில சேர்த்திருக்காங்க. அகலத்தைக் கூட்டினா சரிஞ்சுடும்.

தாழம்பூ · நவம்பர் 8, காலை 10:20

பௌர்ணமி விஷயம் சொன்னதுக்கு டிராவல்ஸ்காரர் "ஓ அப்படியா மேடம்" அவ்வளவுதான்! தேதி மாத்திட்டேன். அம்மாவுக்கு முட்டி வலி. பக்கான் படி எப்படி? சூரியோதயம் அவசியமா? டிக்கெட் எங்க வாங்கறது?

செம்பாறை · நவம்பர் 8, இரவு 9:30

படி: பழைய கல்படி கிட்டத்தட்ட ஏணி, அதுல இப்ப ஏற விடறதில்லை. மேல மரப்படி போட்டுக் கைப்பிடி வெச்சிருக்காங்க, அதுவும் செங்குத்துதான். ஏறறதைவிட இறங்கறது முட்டிக்குக் கஷ்டம். இறங்கும்போது ஒரு கை கைப்பிடியில, உடம்பைப் பக்கவாட்டுல திருப்பிக்கிட்டு ஒவ்வொரு படியா. பையில தண்ணி பாட்டில், கேமரா எல்லாத்தையும் கீழ நிக்கறவங்ககிட்ட கொடுத்துட்டு ஏறணும்.

சூரியோதயம்: என்னைக் கேட்டா டிசம்பர்ல பாதி மோசம். நடுக்கோபுரத்து உச்சியில சூரியன் உட்கார்ற அந்தப் படம் மார்ச், செப்டம்பர் 20 தேதிகளை ஒட்டி எடுக்கறது. டிசம்பர்ல தென்கிழக்குல உதிக்கும், கோபுரத்துக்கு வலப்பக்கமா நழுவி வரும். உதயம் ஆறேகால் வாக்குல, ஆனா 65 மீட்டர் கோபுரத்துக்குப் பின்னாடிதானே, தலைகாட்ட இன்னும் முக்கால் மணி நேரம் பிடிக்கும். நிஜ அழகு 5:40-லிருந்து 6:10 வரைக்கும், வானம் ஊதாவிலிருந்து ஆரஞ்சுக்கு மாறும்போது. வடபக்கக் குளம் (நுழையும்போது இடதுகைப் பக்கம்) முன்னால ஐந்து கோபுரமும் தண்ணியில தெரியும், அதனால நாலு வரிசை ஆள் அங்கதான். தென்பக்கக் குளத்தண்டை பாதிக் கூட்டம்கூட இருக்காது. டார்ச் அவசியம். வழியெல்லாம் கல் தூக்கிக்கிட்டு இருக்கும், இருட்டுல நாலு பேராவது தடுக்கி விழறதைப் பார்க்கலாம்.

டிக்கெட்: ஒருநாள் 37 டாலர், மூணு நாள் 62, ஏழு நாள் 72. மூணு நாள் சீட்டைப் பத்து நாளுக்குள்ள எந்த மூணு நாளிலயும் பயன்படுத்தலாம், அடுத்தடுத்த நாள்னு கட்டாயம் இல்லை. 12 வயசுக்குக் கீழ இலவசம், பையன் பாஸ்போர்ட்டைக் கையில வெச்சுக்கோங்க, உயரமான பையனா இருந்தா கேட்பாங்க. கோயில்கிட்ட டிக்கெட் கிடையாது. ஊருக்கும் கோயிலுக்கும் நடுவுல தனி டிக்கெட் அலுவலகம், அங்கேயே முகத்தைப் படம் எடுத்து அச்சடிச்சுத் தருவாங்க. சூரியோதயத்துக்குப் போற அன்னிக்குக் காலையில வாங்க நின்னா உதயம் வரிசையிலயே முடிஞ்சுடும். 13ஆம் தேதி சாயங்காலம் அஞ்சு மணிவாக்குல வாங்கினா அன்னிக்கு அஸ்தமனம் கணக்குல சேராது, நாள் மறுநாள்லிருந்து ஓடும். இணையத்திலயும் வாங்கலாம். ஒவ்வொரு கோயில் வாசல்லயும் சீட்டைக் கேட்பாங்க, தொலைச்சா மறுபடி 62.

சுக்குக்காப்பி · நவம்பர் 8, இரவு 10:02

டாலர் நோட்டு பத்தி எச்சரிக்கை சொல்லுங்க செம்பாறை சார். ஓரம் ஒரு மில்லிமீட்டர் கிழிஞ்சா அந்த ஊர்ல அது நோட்டே இல்லை.

செம்பாறை · நவம்பர் 8, இரவு 10:11

ஆமா. மடிப்புக் கிழிசல், பேனாக் கோடு, முத்திரை எதுவும் இருக்கக்கூடாது. சென்னையில வாங்கும்போதே ஒவ்வொண்ணாத் திருப்பிப் பார்த்து வாங்குங்க. 1, 5, 10 நோட்டு அதிகமா. மீதியை ரியெல்ல தருவாங்க, ஒரு டாலருக்கு 4,000னு வெச்சுக்கலாம்.

செம்பாறை · நவம்பர் 10, மாலை 5:45

முதல் நாள் எழுதினதுல ஒண்ணைத் திருத்தணும். "மத்தியானம் மூணு மணிக்கு நுழைங்க"ன்னேன். மேற்குச் சுற்றுக்குச் சரி. ஆனா இடமாப் போனா பாற்கடலுக்கு வரும்போது நாலேகால், கிழக்குப் பக்கம் முழு நிழல். மங்கினாப்பல இருக்கும், பாற்கடல்ல பாதி அழகு போச்சு. நேரமும் ரெண்டு மணி போதாது, மூணு வையுங்க.

16ஆம் தேதி இப்படிச் செய்யுங்க. காலை பக்கான் முடிச்சு இறங்கினதும் நேரா கிழக்குச் சுற்று. ஏழரையிலிருந்து ஒன்பது வரை தூணுங்களுக்கு நடுவுல சாய்வெயில் உள்ள வரும். பாற்கடலை மட்டும் பாருங்க. இடதுகோடியில அசுரர் 92, வலதுகோடியில தேவர் 88, நடுவுல நாலு கை விஷ்ணு, கீழ கூர்மம். தேவர் வரிசைக் கடைசியில வாலைப் பிடிச்சிருக்கிற குரங்கைப் பையனைத் தேடச் சொல்லுங்க. அனுமார்னு சொல்றாங்க. பாகவதத்துல இல்லாத ஆள், அந்த ஊர்ல எப்படியோ உள்ள வந்துட்டார். அப்புறம் தெற்குச் சுற்று, டிசம்பர்ல சூரியன் தெற்கே சாஞ்சிருக்கறதால அங்கயும் காலையில வெளிச்சம் இருக்கும். பத்து மணிக்குள்ள வெளிய வந்துடலாம்.

மத்தியானம் அறைக்குப் போய்த் தூங்குங்க. மூணரைக்கு அதே சீட்டுல மறுபடி மேற்கு வாசல். குருக்ஷேத்திரம், லங்கை ரெண்டும் மட்டும். ஒரே நாள்ல எத்தனை தடவை வேணும்னாலும் நுழையலாம்.

குருக்ஷேத்திரத்துல இடப்பக்கம் கௌரவர், வலப்பக்கம் பாண்டவர், நடுவுல கைகலப்பு. ஆரம்பத்துலயே இடது மேல்பகுதியில அம்புப் படுக்கையில பீஷ்மர். லங்கை யுத்தத்துல ராமன் அனுமார் தோள்மேல நின்னு வில் விடறான், பின்னாடி லட்சுமணனும் விபீஷணனும். ராவணனுக்குத் தலை எப்படி அடுக்கியிருக்குன்னு பாருங்க, நம்ம மாதிரி ஒரே வரிசையா இல்லை, கோபுரம் மாதிரி மேல மேல.

இப்படிப் பிரிச்சா வலம் இடம் சண்டையே அடங்கிடும். முழுச் சுற்றே கிடையாது.

உளி · நவம்பர் 10, இரவு 8:30

அந்தப் பாற்கடல் சுவத்துல கருப்பா எண்ணெய் பூசின மாதிரி பளபளப்பு இருக்கும். ஆயிரக்கணக்கான கை பட்டது. இப்பத் தொட விடறதில்லை. அந்த மண்டபத்துக் கூரை ஒழுகி உப்பு இறங்கினதால பிரிச்சுச் சரிபண்ணி 2012-ல முடிச்சாங்க. நம்ம இந்தியத் தொல்லியல் துறையும் 1986 முதல் 1993 வரை அங்கோர் வாட்ல வேலை பார்த்தாங்க. மருந்து போட்டுக் கழுவினதுல கல்லோட மேல்தோல் போச்சுன்னு அப்பவே சண்டை. என் கணக்குல அந்தக் குறையில கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனா போர் நடக்கற ஊருக்கு அப்ப வேற யார் போனா?

தாழம்பூ · நவம்பர் 12, காலை 7:40

அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். "அப்ப நான் எங்கதான் வலம் வர்றது?"ங்கறாங்க.

செம்பாறை · நவம்பர் 12, இரவு 9:05

பக்கான் மேல. அங்க கதைச் சிற்பம் எதுவும் ஓடலை, நடுக்கோபுரத்தைச் சுற்றி வலமா ஒரு சுற்று தாராளமா வரலாம், ஒருத்தரும் தடுக்கமாட்டாங்க. மூலவர் விஷ்ணு இல்லை. கருவறை வாசல்களை அடைச்சுப் புத்தரைச் செதுக்கிட்டாங்க. முட்டி விடலைன்னா வேற இடம் இருக்கு: மேற்குக் கோபுர வாசல்ல தென்பக்க நிலை, எட்டுக் கை விஷ்ணு. ஊர்க்காரங்க "தா ரீச்"னு கும்பிடற சாமி, இன்னிக்கும் பூசை உண்டு, மஞ்சள் துணி கட்டியிருக்கும். பக்கான் மாதிரிச் செங்குத்துப் படி ஏற வேண்டியதில்லை.

15ஆம் தேதிக்கு: பந்தேய் ஸ்ரீ ஊர்லேருந்து 37 கிலோமீட்டர், ரெமோர்க்ல (அவங்க டுக்டுக்) ஒரு மணி நேரத்துக்கு மேல. டிசம்பர் காலைக் காத்து ரெமோர்க்ல ஊசி மாதிரி குத்தும், அம்மாவுக்குச் சால்வை, இல்லாட்டி கார். 7:30க்குத் திறக்கும்போதே நிக்கணும். பஸ்கூட்டம் வந்துட்டா அந்தச் சின்னக் கோயில்ல கால் வைக்க இடமிருக்காது. 967-ல குடமுழுக்கு. ராஜா கட்டலை, யக்ஞவராகன்ங்கற அரசவை அந்தணர். செம்மணற்கல், மரத்துல செதுக்கின மாதிரி ஆழம். நடுமேடைக்குக் கயிறு கட்டியிருப்பாங்க, பைனாகுலர் எடுத்துப் போங்க.

தென்பக்க நூலகக் கட்டடத்தோட கிழக்கு முகப்புல ராவணன் கயிலையை அசைக்கறான். அதே கட்டடத்து மேற்கு முகப்புல காமதகனம். உள்சுற்றுக் கிழக்குக் கோபுர முகப்புல ஆடற சிவன். காலடி ஓரத்துல வத்தலா, மார்பு தொங்கி, எலும்பெடுத்து ஒரு பெண் உட்கார்ந்திருக்கும். காரைக்கால் அம்மையார்னு ஆய்வாளர்கள் அடையாளம் சொல்றது அந்த உருவத்தைத்தான்.

சுக்குக்காப்பி · நவம்பர் 12, இரவு 9:20

இதை ஏன் முதல்லயே சொல்லலை! சோழனை விட்டுத்தள்ளு, பேயம்மா போயிருக்காங்க அங்க. குழுவுல போடறேன்.

செம்பாறை · நவம்பர் 12, இரவு 9:26

போடுங்க. "காரைக்கால் அம்மையார் கட்டிய கோயில்"னு திரும்பி வரும்.

தாழம்பூ · நவம்பர் 13, காலை 6:50

அம்மா பந்தேய் ஸ்ரீக்கு முதல் ஆளாக் கிளம்பிட்டாங்க. கடைசிக் கேள்வி. எட்டுக் கை பெருமாளுக்குக் கற்பூரம் எடுத்துட்டுப் போலாமான்னு கேட்கறாங்க. சாப்பாடும் சொல்லுங்க, நாங்க சைவம்.

செம்பாறை · நவம்பர் 13, மதியம் 12:30

கற்பூரம் வேண்டாம், கல்லுல கரி பிடிக்கும். ஊதுபத்தி சாமி முன்னாடியே இருக்கும், உண்டியல்ல 1,000 ரியெல் போட்டு ஏத்தலாம். சாப்பாட்டுக்கு, "காய்கறி மட்டும்"னு சொன்னாலும் மீன் சாறு ஊத்துவாங்க, அவங்களுக்கு அது உப்பு மாதிரி. மீன் சாறு, ப்ரஹொக் (புளிக்க வெச்ச மீன் விழுது) ரெண்டையும் பேர் சொல்லி வேண்டாம்னு சொல்லணும். 16ஆம் தேதி விடியக்காலைக்கு முதல்நாள் ராத்திரியே புளியோதரை கட்டிக்கோங்க. கோயில் குரங்கு கண்ணுல படாம சாப்பிடணும்.